மினுக்கான்

மீனக்காவின் சொந்தப் பெயர் மீனா இல்லை. மீன் வளர்ப்பதால் மீனக்கா. தெருவில் யாராவது அவளுடைய நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பாள்.

வீட்டுக்குப் பின்னால் நீளமாக ஒரு தகரக் கொட்டகை. உள்ளே இரண்டு பக்கமும் கண்ணாடித் தொட்டிகள். தொட்டிக்குத் தொட்டி காற்றுக்குழாய் போகும். இரவும் பகலும் குமிழி வந்துகொண்டே இருக்க வேண்டும். குமிழி நின்றால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அப்புறமும் குமிழி வரவில்லை என்றால் அவ்வளவுதான். அந்தக் குமிழிக்குக் காவல் இருப்பதே அவள் பிழைப்பாகிவிட்டது. நல்லதுக்கும் போக மாட்டாள், கெட்டதுக்கும் போக மாட்டாள். போனாலும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி திரும்பி ஓடி வருவாள்.

அப்படிக் கட்டிக் காக்க அங்கே என்ன இருந்தது என்றால், கறுப்பி இருந்தாள். உடம்பெல்லாம் கரி, வால் மட்டும் வெள்ளை. அப்படி ஒரு தங்கமீனை எவரும் பார்த்ததில்லை. மீனக்கா தலைமுறைக்குத் தலைமுறை நல்ல ஜோடியாகப் பார்த்துப் பார்த்துப் பிரித்து, வால் சுத்த வெள்ளையாக வருகிற வரைக்கும் பொறுத்திருந்து, இளமை முழுவதையும் அந்த வாலுக்கே கொடுத்தாள். கறுப்பியும் அவள் பிள்ளைகளும் பேரன் பேத்திகளுமாக ஒரு வம்சமே அந்தக் கொட்டகையில் நீந்திக்கொண்டிருந்தது.

மீனுக்காக எந்நேரமும் தண்ணீரில் கிடக்கிற கை மீனக்காவுடையது. ஆனால் மின்சாரம் என்றால் மட்டும் அவளுக்கு அப்படி ஒரு பயம். சின்ன வயதில் ஈரக்கையோடு ரேடியோ பிளக்கைப் பிடுங்கப் போய், அது அவளைச் சுவரோரம் தூக்கி எறிந்தது. அன்றிலிருந்து பிளக்கைத் தொட்டதே இல்லை. சுவிட்சைக்கூடக் கரண்டிக் காம்பால்தான் தட்டுவாள். "எல்லா வீட்லயும் லைட்டைப் போடுவாங்க, எங்கக்கா லைட்டை அடிப்பா" என்று தம்பி சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

தம்பி அப்படியே நேர் எதிர். அவனுக்குச் சோறு போடுவதே மின்சாரம்தான். வீட்டில் அவனுக்குப் பெயரே கரண்டு. வங்கி, ஆஸ்பத்திரி, அலுவலகம் என்று, மின்சாரம் போனால் கைகொடுக்கிற யூபிஎஸ் எங்கெல்லாம் வேண்டுமோ அங்கெல்லாம் போய் மாட்டுவான். மாட்டிய வேலையை இரண்டாவது தடவை திரும்பிப் பார்க்கிற பழக்கமே அவனிடம் கிடையாது. "என் கண்ணைக் கட்டி விடுக்கா, எந்த ஒயர் எங்க போகுதுன்னு சொல்றேன். இந்தக் கை தப்பு பண்ணாது" என்பான். வாய்தான் என்றாலும் பொய்யில்லை. அவன் மாட்டியது எதுவும் காலை வாரியதில்லை.

அவனுடைய மகளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறந்து, குப்புற விழுந்து, உட்காரவும் தொடங்கிவிட்டது. மீனக்கா போய்ப் பார்க்கவில்லை. அவ்வளவு தூரத்து ஊர், போனால் ஒரு ராத்திரி தங்க வேண்டும். தம்பி மனைவி ஒருநாள் போனில் பிடித்துக்கொண்டாள்.

"மீனுக்கு மட்டும்தான் நீங்க அத்தை அண்ணி. எங்க பொண்ணுக்கு இல்ல."

சுருக்கென்று தைத்தது. தைக்காதா பின்னே?

அடுத்த வாரமே தம்பி வந்து இறங்கினான். பழைய யூபிஎஸ்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, வங்கிக்குப் போடுகிற ரகத்தில் ஒன்றைக் கொட்டகையில் வைத்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து தட்டையாக எதையோ எடுத்தான்.

"என்னடா இது, பிஸ்கட் மாதிரி?"

"நெட்வொர்க் கார்டுக்கா. யூபிஎஸ் முதுகுல இதைச் சொருகிட்டா அதுக்கு வாய் முளைச்சிடும். கரண்ட் போச்சுன்னா உடனே உனக்கும் எனக்கும் செய்தி அனுப்பிடும். நீ எந்த ஊர்ல இருந்தாலும் சரி."

"வாயா? நம்ம குடும்பத்துக்கு உன் வாய் ஒண்ணு பத்தாதா?"

"என் வாய் வீண் பேச்சு பேசும். இது வேணுங்கறப்ப மட்டும் பேசும்."

ஏற்பாடு இதுதான். மின்சாரம் நின்றால் பேட்டரி பல மணி நேரம் காற்று மோட்டார்களை ஓட்டும். அதற்குள் கார்டு செய்தி அனுப்பிவிடும். தம்பி பக்கத்து வீட்டுத் தையல்காரருக்குப் போன் போடுவான். அவரிடம் கொட்டகைச் சாவி இருக்கும். வந்து ஜெனரேட்டரைப் போட்டுவிடுவார். மீனக்கா எத்தனையோ கேள்வி கேட்டாள். பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"அது நீ மாட்டுறதைப் பொறுத்ததுக்கா. கம்மியா மாட்டினா கூடுதல் நேரம் தாங்கும். வேண்டாததையெல்லாம் இதுல மாட்டிராத. எல்லாம் மீனுக்கு."

கார்டிலிருந்து ஒரு ஒயரை இழுத்து, மூலைப் பலகையிலிருந்த வெள்ளைப் பெட்டி ஒன்றில் சொருகினான். அந்தப் பெட்டியின் பிளக்கையும் மோட்டார்களோடு சேர்த்து யூபிஎஸ்ஸிலேயே மாட்டினான். அது பச்சைப் பச்சையாக மினுக்கிக்கொண்டிருந்தது. மீனக்கா அதற்கு மினுக்கான் என்று பெயர் வைத்தாள். அது என்ன செய்கிறது என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. கார்டின் பெருமையைப் பேசவே அவனுக்கு நேரம் போதவில்லை. மினுக்கானை யார் கவனித்தார்கள்?

கடைசியில், "மெயினை இறக்கி ஒரு தடவை பார்த்துடலாம்" என்று பிரேக்கர் பக்கம் போனான். மீனக்கா குறுக்கே போய் நின்றுகொண்டாள். "வேணாம்டா, புதுக்குஞ்சு பொரிஞ்சிருக்கு. டப்புன்னு லைட்டு அணைஞ்சா மிரண்டுடும்." அவன் சிரித்துக்கொண்டே யூபிஎஸ்ஸிலிருந்த சோதனைப் பட்டனை அமுக்கினான். இரண்டு போனும் ஒன்றாக மணியடித்தன. மீனக்கா சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினாள்.

கிளம்பும் நாள் காலையில் தம்பி காரோடு வாசலில் நிற்க, அவள் கடைசியாக ஒரு தடவை கொட்டகைக்குள் போனாள். கறுப்பியிடம் சொல்லிக்கொண்டாள். திரும்பும்போது மினுக்கான் கண்ணில் பட்டது. ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்து கண்ணடித்துக்கொண்டிருந்த அதற்குப் போய் பேட்டரியா? எல்லாம் மீனுக்கு என்று தம்பியே சொல்லவில்லையா? தொட்டி கழுவுகிற மஞ்சள் ரப்பர் உறையை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டாள். மூச்சை அடக்கிக்கொண்டு பிளக்கைப் பிடுங்கினாள். சுவரிலிருந்த சாதாரணப் பிளக் பாயிண்ட்டில் மாட்டினாள். ஒன்றும் ஆகவில்லை. மினுக்கான் ஒரு நிமிடம் இருண்டுவிட்டு மறுபடி மினுக்கத் தொடங்கியது. அட, நான்கூட பிளக் மாட்டிவிட்டேனே என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. உறைகளைச் சுவர் ஆணியில் தொங்கவிட்டாள். காரில் ஏறியதும் தம்பியிடம் பீற்றிக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தாள். ஏறியதும் குழந்தையைப் பற்றிய பேச்சு தொடங்கிவிட்டது. இது மறந்தே போனது.

தம்பி மகள் வீட்டில் மீனக்கா இருந்த இருப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குழந்தை அவள் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "அத்தை, உங்க கையில மீன் வாசம் அடிக்குது போல. அதான் விட மாட்டேங்குறா" என்று மகள் கேலி செய்தாள். போனை ஜன்னலோரம் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்திருந்தார்கள். அது ஒரு சத்தமும் போடவில்லை. "பார்த்தியாக்கா, வாயே திறக்கல. எல்லாம் சுகமா இருக்கு" என்றான் தம்பி. மத்தியானம் குழந்தை பக்கத்திலேயே அவள் தூங்கிப்போனாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு பகலில் கண்ணயர்ந்தது அன்றைக்குத்தான்.

அதே மத்தியானம் தண்ணீர் ஏற்றுகிற மோட்டாருக்குள் ஈரம் புகுந்து, கொட்டகையின் பிரேக்கர் விழுந்து அங்கே மட்டும் மின்சாரம் நின்றது. தெருவில் மின்சாரம் இருந்தது. தையல்காரரின் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் தம்பியோடு திரும்பி வந்தவள் கொட்டகைக் கதவில் கை வைக்கும் முன்பே நின்றுவிட்டாள். குமிழிச் சத்தம் இல்லை.

உள்ளே கண்டதை அவள் யாரிடமும் முழுக்கச் சொன்னதில்லை. நானும் சொல்லப் போவதில்லை. தொட்டிக்குத் தொட்டி வெள்ளை வால்கள் மேலே மிதந்தன; அது போதும். வெளியே சிமெண்டுத் தொட்டியில் தனியாக விட்டிருந்த கொஞ்சம் குஞ்சுகள்தான் மிச்சம்.

அவள் போட்ட சத்தத்தில் தையல்காரர் கழுத்தில் டேப்போடு ஓடி வந்தார். தம்பி முகத்தில் ஈயாடவில்லை. மீனக்கா அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"வாய் முளைச்சிடும்னியே! வேணுங்கறப்ப பேசும்னியே! எங்கடா பேசிச்சு உன் ஊமைப் பெட்டி? உன்னை நம்பிப் போனேன் பாரு, என் புத்தியைச் செருப்பாலதான் அடிச்சுக்கணும்!"

அவன் மெல்லச் சட்டையை விடுவித்துக்கொண்டான். பிரேக்கரைத் தூக்கிவிட்டான். லேப்டாப்பை எடுத்துக் கார்டுக்குள் போய்ப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான்.

"கத்தியிருக்குக்கா. பேட்டரி தீர்ற வரைக்கும் கத்திக்கிட்டேதான் இருந்திருக்கு. வெளிய போக வழியில்ல."

ஒயரைப் பிடித்துக்கொண்டே மூலைக்குப் போனான். மினுக்கான்தான் இணையப் பெட்டி; அதன் வழியாகத்தான் செய்தி வெளியே போக வேண்டும். அதன் பிளக் சுவரில் இருந்தது. பிரேக்கர் விழுந்த நொடியே அதுவும் செத்துவிட்டது. அவன் அந்தப் பிளக்கையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சுவத்துலயா மாட்டினேன்? யூபிஎஸ்லதானே... யூபிஎஸ்ல மாட்டினதாதான் ஞாபகம். நானா இப்படி மாட்டினேன்?"

பிளக்குக்கு மேலே ஆணியில் மஞ்சள் உறைகள் தொங்கிக்கொண்டிருந்தன. மீனக்காவுக்குத் தலையில் இடி விழுந்தது.

வாயைத் திறந்தாள். திறந்தாள் என்பது உண்மை. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் தம்பியின் சட்டை அவள் பிடித்து உலுக்கிய இடத்தில் இன்னும் கசங்கிக் கிடந்தது. சொன்ன வார்த்தைகள் காற்றில் அப்படியே நின்றுகொண்டிருந்தன. சுற்றிலும் பிள்ளைகள் செத்துக் கிடந்தார்கள். அவர்களைக் கொன்றது நான்தான் என்று அந்த நேரத்தில் சொல்ல எந்த நாக்கு எழும்? அதற்குள் தையல்காரர் முந்திக்கொண்டார்.

"தொழில் தெரிஞ்ச நீயே இப்படிப் பண்ணலாமா தம்பி?"

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றான். "மன்னிச்சிடுக்கா. கை தப்பிடுச்சு."

"சரி, விடுடா" என்றாள் மீனக்கா.

அந்த "சரி, விடு"வைத் தையல்காரர் தெரு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒரு வம்சமே போன பிறகும் கூடப்பிறந்தவனை ஒரே வார்த்தையில் மன்னித்துவிட்டாள், எவ்வளவு பெரிய மனசு என்று ஊரே மூக்கில் விரல் வைத்தது. மீனக்காவுக்குத் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை. பாவம், துக்கத்தில் குனிந்து போகிறாள் என்று அதற்கும் ஒரு பாராட்டு.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நாளை வந்தது. துக்கம் கொஞ்சம் ஆறட்டும் என்று நினைத்தாள். துக்கமும் ஆறியது. முன்பெல்லாம் எப்போதாவது எட்டிப் பார்க்கிற தம்பி இப்போது ஞாயிறு தவறாமல் வந்தான். தொட்டிகளைக் கழுவினான், தண்ணீர் மாற்றினான், மிச்சமிருந்த குஞ்சுகளில் வால் வெளுக்கிறதா என்று அவளோடு உட்கார்ந்து பார்த்தான். அவள் தனியாகச் சாப்பிட்டே பழகியவள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு தட்டு வைப்பது அவளுக்குப் பிடித்துப்போனது. சொல்லிவிட்டால் வருவானா? இந்த நினைப்பு வந்ததற்காகத்தான் பிற்பாடு அவள் தன்னை எல்லாவற்றையும்விட அதிகமாகத் திட்டிக்கொண்டாள்.

அவன் மாறிக்கொண்டிருந்ததை அவள் கவனிக்காமல் இல்லை. பேச்சு குறைந்திருந்தது. கேலி நின்றிருந்தது. கரண்டிக் காம்பால் அவள் சுவிட்சைத் தட்டினால்கூடச் சிரிக்கவில்லை. பிறகு ஒருநாள் தம்பி மனைவி போன் செய்தாள். இந்தத் தடவை சண்டைக்கு இல்லை, அழுதுகொண்டிருந்தாள்.

"உங்க தம்பி சரியில்ல அண்ணி. ஒரு ஒயரை மாட்டினா போட்டோ எடுக்குறார். வீட்டுக்கு வந்து அந்தப் போட்டோவையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கார். சந்தேகம் வந்தா எழுந்து வண்டியை எடுத்துக்கிட்டுத் திரும்பவும் அங்கயே போறார். எல்லா வாடிக்கைக்காரங்களுக்கும் தினம் ஒரு செய்தி வர்ற மாதிரி வச்சிருக்கார், 'நல்லா இருக்கேன்'னு. செய்தி வராம இருந்தா உடனே அவங்களுக்குப் போன் போடுறார்."

"ஐயோ..."

"இப்ப ஒரு பெரிய ஆஸ்பத்திரி வேலை தேடி வந்துச்சு. வேணாம்னுட்டார். 'அங்க இருக்கறது மீன் இல்ல, மனுஷங்க. என் கையை நம்பி நான் போக மாட்டேன்'ங்கறார். இனிமே வெளி வேலைக்கே போறதில்லயாம். கடையில உக்காந்து வித்தா போதுமாம். இந்தக் கை தப்பு பண்ணாதுன்னு எப்படி இருந்த மனுஷன் அண்ணி! நீங்க சொன்னாதான் கேப்பார். நீங்கதான் மன்னிச்சிட்டீங்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்க."

மீனக்கா போனை வைத்தாள். அவள் மன்னிக்கிறாளாம்! இனி ஒரு நாளும் தள்ளக் கூடாது என்று முடிவு செய்தாள்.

ஞாயிறு காலை அவன் வந்து செருப்பைக் கழற்றும்போதே கையைப் பிடித்துக் கொட்டகைக்குள் இழுத்துப் போனாள்.

"டேய், மினுக்கானை நீ சரியாத்தான் மாட்டின. யூபிஎஸ்லதான் மாட்டின. நான்தான் பிடுங்கிச் சுவத்துல மாட்டினேன். கிளம்புன அன்னைக்குக் காலையில."

அவன் அவளையே பார்த்தான். பிறகு, எத்தனையோ மாதத்துக்கு அப்புறம், சிரித்தான்.

"அவ போன் பண்ணாளாக்கா?"

"பண்ணா. அது வேற. நான் சொல்றது நிஜம்டா."

"நீயா பிளக்கைப் பிடுங்கின? சுவிட்சைக் கரண்டியால அடிக்கிறவ நீ."

"உறை போட்டுக்கிட்டுடா! இதோ, இந்த உறை." ஆணியிலிருந்து எடுத்து அவசர அவசரமாக மாட்டினாள். யூபிஎஸ்ஸிலிருந்து மினுக்கானின் பிளக்கைப் பற்றி இழுத்தாள். ரப்பர் உறையில் பிளக் வழுக்கியது. மறுபடி பிடித்தாள். "இப்படித்தான் பிடுங்கி... இங்க கொண்டுவந்து... எல்லாம் மீனுக்குன்னு நீதானேடா சொன்ன..."

சுவரிலிருந்த ஓட்டைகளுக்குள் பிளக்கின் கால்கள் போக மறுத்தன. அன்றைக்கு ஒரே தடவையில் போனதே! பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். தம்பி மெதுவாக வந்து அவள் கையிலிருந்து பிளக்கை வாங்கிக்கொண்டான்.

"ஷாக் அடிச்சிடப் போகுது, கொடு." குனிந்து அதை யூபிஎஸ்ஸில் மாட்டினான். "சின்ன வயசுல நான் அப்பாவோட கண்ணாடியை உடைச்சப்பவும் இப்படித்தானே நின்ன? நான்தான் உடைச்சேன்னு நீ சொல்லி அடி வாங்கின. எப்படி உடைச்சேன்னுகூட நடிச்சுக் காட்டின. எனக்கு ஞாபகம் இல்லேன்னா நினைக்கிற?"

"அது பொய்டா. இது நிஜம்டா. உன் தலை மேல சத்தியமா..."

"என்னைத் தேத்துறதுக்காகச் சத்தியம் எல்லாம் பண்ணாதக்கா."

"அப்ப ஏன்டா நம்ப மாட்டேங்குற?" அவள் அழுதாள்.

"நீ பண்ணியிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்ப" என்றான் தம்பி. "நான் அழுதுக்கிட்டு நிக்கறதைப் பார்த்துக்கிட்டு நீ சும்மா இருந்திருப்பியா? உன்னை எனக்குத் தெரியாதா?"

மீனக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இருந்தேனடா, பார்த்துக்கொண்டு சும்மாதான் இருந்தேன் என்று கத்த நினைத்தாள். அவன் முகம் அவ்வளவு பாசமாக இருந்தது. சொன்னாள்தான். தேம்பலில் பாதி வார்த்தை உள்ளேயே நின்றுவிட்டது. அவன் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

"சரி, விடுக்கா."

பிறகு போனை எடுத்து மினுக்கானின் பிளக்கை ஒரு படம் எடுத்தான். சந்தேகமாக இருந்ததோ என்னவோ, குனிந்து கிட்டப் போய் இன்னொன்றும் எடுத்தான். இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். குஞ்சு ஒன்றுக்கு வால் வெளுத்துக்கொண்டு வருவதாக அவன்தான் முதலில் கண்டுபிடித்துச் சொன்னான்.

கிளம்பும்போது அவனை வழியனுப்ப அவள் வாசல்வரை வந்தாள். வண்டியை உதைத்துக் கிளப்பியவன் என்ன நினைத்தானோ, அணைத்துவிட்டு இறங்கினான். அவளைத் தாண்டி விறுவிறுவென்று கொட்டகைக்குள் போனான். அந்தப் பிளக் எங்கே மாட்டியிருக்கிறது என்று மறுபடியும் பார்த்துவிட்டு வந்தான்.